தண்ணித்தொட்டி ஸ்டாப், காலை 7.10

மெர்சி வேலை பார்த்த ஷூ கம்பெனியில் உள்ளே போகுமுன் போனைக் கொடுத்துவிட வேண்டும். கேட்டுக்கு இடப்புறம் செக்யூரிட்டி அறையில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். மெர்சியுடையது நூற்றுப் பதினெட்டு. வெளிநாட்டுக்காரர் கொடுத்த புது மாடலை யாராவது படம் பிடித்து வெளியே விட்டுவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. காலை எட்டு மணிக்குப் பெட்டிக்குள் போகிற போன் மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் கைக்கு வரும். நடுவில் ஒன்பதே முக்கால் மணி நேரம். பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஒன்பதே முக்கால் மணி நேரத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது.

மெர்சி பிறந்தது கலவைக்குப் பக்கத்தில். அப்பா பெருமாள் நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா ஒரு காய்ச்சலில் பிழைத்தெழுந்த பிறகு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்து, அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு மெர்சி என்று பெயர் வைத்தாள். அப்பா தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடப் போவார். பத்தாம் வகுப்பு முடித்த மெர்சி பதினெட்டு வயதில் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் பசை தடவுகிற வேலை, பிறகு தையல் மெஷின், பிறகு செக்கர்.

செக்கர் வேலையை யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே வந்தது. தைத்து வரும் மேல்தோலைத் திருப்பி, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஓரம் மடித்த இடத்தில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. இடக்கால், வலக்கால் இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியிருந்தால்தான் நிறம் ஒத்துப் போகும். எட்டு மணி நேரத்தில் அறுநூறு ஜோடி அவள் கையைத் தாண்டும். அவள் தாண்ட விட்டதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று லைனில் சொல்வார்கள்.

இருபத்தொரு வயதில் ஜான்சனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சோளிங்கர்க்காரன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் ஃபினிஷிங் பார்த்தான்; தோலுக்கு நிறம் அடிக்கிற வேலை. நிறத்தில் ஒரு சொட்டு வித்தியாசம் இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவான். ஸ்ப்ரே தெறித்துக் கண்ணாடி கெட்டுவிடும் என்று வாட்ச்சை வலக்கையில், முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டுவான். கல்யாணமான புதிதில் மெர்சிக்கு அது அழகாகத் தெரிந்தது.

குடிக்க மாட்டான். குரலை உயர்த்த மாட்டான். நேரம் மட்டும் கேட்பான். கம்பெனி கேட்டிலிருந்து வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிஷம் என்று அவனே ஒருநாள் நடந்து பார்த்து வைத்திருந்தான். இருபத்தைந்தாவது நிமிஷம் வந்தால், அந்த மூன்று நிமிஷம் எங்கே என்று கேட்பான். பதில் சொன்னால் மறுபடி கேட்பான். பதில் ஒரு சொல் மாறினால் கை வரும். அவளுடைய இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த வடு அப்படி ஒரு நாலு நிமிஷத்துக்காக வந்தது.

கல்யாணமான பதினோராவது வருஷம், ஒரு மழை நாளில் ஏழு நிமிஷம் தாமதமாகிவிட்டது. அவள் வந்து பார்த்தபோது எட்டு வயது நிஷா பின்கட்டுக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், கால் உள்பக்கம் தொங்க. ஜான்சன் பக்கத்தில் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு நிமிஷம் நீ லேட்டு. ஏழு நிமிஷம் இவ இங்கதான்" என்றான்.

ஏழு நிமிஷம் முடிந்ததும் அவனே குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டு, தலையைத் துவட்டிவிட்டான். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு மெர்சி குழந்தையோடு காட்பாடிக்கு வந்து ரயில் ஏறினாள். ஆம்பூரில் இறங்கி, அந்தப் பக்கம் வேறொரு ஷூ கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தாள்.

அது நடந்து நாலு வருஷம். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினாள். அவன் அவள் இருக்கும் இடத்துக்கோ, வேலை பார்க்கும் இடத்துக்கோ, குழந்தை படிக்கும் பள்ளிக்கோ வரக் கூடாது. முதல் வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே அவன் இரண்டு தடவை வந்து நின்றான். போலீசில் போய்ச் சொன்னாள். "வந்தாருன்னு சாட்சி யாரும்மா?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை. வீட்டை மாற்றினாள். ஆம்பூருக்கு மேற்கே, மின்னூர்ப் பக்கம், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்தில் ஒற்றை அறை. பெயருக்கு முன்னால் ஜே-யை எடுத்துவிட்டுப் பெ. போட்டுக்கொண்டாள்.

தொழிலாளிகளுக்கென்று ஓர் ஆப் வந்தது போன வருஷம். ஒரு பயிற்சி மையம் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நாம் கொஞ்சம் எழுதலாம்; கூட வேலை பார்ப்பவர்கள் சிபாரிசு எழுதிச் சேர்க்கலாம், படம் போடலாம். எதை யார் பார்க்கலாம் என்று வரிக்கு வரி நாமே வைத்துக்கொள்ளலாம்: எல்லாரும், அனுமதி பெற்றவர், நான் மட்டும். கம்பெனி பெயரை எழுதக் கூடாது என்று மேனேஜ்மென்ட் சொல்லிவிட்டது. மற்றபடி எதிர்ப்பு இல்லை. சூப்பர்வைசர் வேலைக்கு இப்போது எங்கேயும் இந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், லைனில் இருந்த எல்லாரும் ஆரம்பித்தார்கள்.

மெர்சி மூன்று மாதம் யோசித்தாள். நிஷா ஏழாவது படிக்கிறாள். செக்கர் சம்பளத்தில் அவளை எங்கும் கொண்டுபோக முடியாது. கடைசியில் ஆரம்பித்தாள், ஆனால் மேல்தோல் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். எல்லாருக்கும் தெரிவது பெயரும் தொழிலும் அனுபவமும் மட்டும். முகம் கிடையாது. ஊர் கிடையாது. பக்கத்து மெஷினில் ஓரம் சீவும் தில்ஷாத், பயிற்சி மையத்தில் எடுத்த ஒரு படத்தை ஆசையாகப் போட்டிருந்தாள்: மெர்சி ஒரு ஜோடியை வெளிச்சத்தில் பிடித்திருக்கிறாள், கை மட்டும்தான் தெரிகிறது. அதில் இடது மணிக்கட்டு இருந்தது. மெர்சி அதை 'நான் மட்டும்' என்று மாற்றினாள்.

"கையைக்கூட காட்ட மாட்டியா? பர்தா எனக்கா உனக்கா?" என்று தில்ஷாத் கேட்டாள்.

"காட்டற கை இல்லக்கா அது."

 அந்த வடுவின் கதை தில்ஷாத்துக்குத் தெரியும்.

ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்தைப் பார்க்க யாராவது அனுமதி கேட்டால் நாலு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கேள்வி, நாம் குறித்து வைத்திருக்கும் நம்பிக்கை ஆளுக்குப் போகும். நம் பக்கத்துக்கு வந்து சேரும் சிபாரிசையும் அவர் அனுமதிக்கலாம். ஆப்பைச் செய்தவர்களுக்குத் தகரப் பெட்டி தெரியாது. கம்பெனிகளில் ஆட்களைத் தேடுகிறவர்கள் ஆபீஸ் நேரத்தில்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண்ணின் கையிலும் போன் இருக்காது. புருஷன், அண்ணன், தம்பி எல்லாரும் வேறொரு கம்பெனியில் வேறொரு பெட்டிக்குள். நாள் முழுக்கப் போன் கையில் இருக்கிற ஒரே ஆள், அவர்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிற வேன் டிரைவர் வேலு. வேனில் வரும் இருபத்திரண்டு பெண்களில் மெர்சி தவிர எல்லாரும் வேலுவின் நம்பரைக் கொடுத்தார்கள்.

மெர்சி பத்து நாள் யாரையும் கொடுக்காமல் இருந்தாள். இரண்டு கேள்விகள் வந்து, பதில் இல்லாமல் காலாவதியாகிப் போயின. பிறகு அவளும் வேலுவைக் கொடுத்தாள்.

வேலு நல்லவன். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வேனில் எல்லாருக்கும் தம்பி. இருபத்திரண்டு பேரின் வாழ்க்கை தன் சட்டைப் பையில் இருப்பதில் அவனுக்குப் பெருமை. மதியம் புளியமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பான். யாருக்குச் சிபாரிசு குறைவாக இருக்கிறதோ அவர்களுக்குத் தானே ஒன்று எழுதுவான். மெர்சியின் பக்கத்தில் தையல் எண்ணிக்கை, நிறம், தரம் என்று எல்லாம் தில்ஷாத்தே எழுதிவிட்டாள். வேலுவுக்கு அந்த வேலை தெரியாது. அவனுக்குத் தெரிந்ததை எழுதினான்:

'மெர்சி அக்கா மூணு வருசமா என் வண்டியில வர்றாங்க. தண்ணித்தொட்டி ஸ்டாப், காலை 7.10. மழையா இருந்தாலும் 7.08க்கே வந்து தனியா நிப்பாங்க. ஒரு நாள் லேட் இல்ல. இந்த மாதிரி நேரத்துக்கு வர்ற ஆளை நான் பாத்ததில்ல.'

எழுதினான், நம்பிக்கை ஆள் என்கிற முறையில் அவனே அனுமதித்தான். அவள் ஏன் ஒருநாளும் தாமதமாவதில்லை என்று அவனுக்குத் தெரியாது.

மெர்சி அதைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை மாலை, வேன் கிளம்பிய பிறகு. வாரம் ஒருமுறை பக்கத்தின் பதிவை மேலிருந்து கீழ்வரை படிப்பது அவள் வழக்கம். யார் பார்த்தார்கள், எந்த வரியை, எத்தனை மணிக்கு என்று அதில் எல்லாம் இருக்கும்.

வேலுவின் சிபாரிசில் ஸ்டாப்பும் நேரமும் இருந்தன. அதற்குக் கீழே இருந்த பதிவு இன்னும் மோசம். வியாழக்கிழமை காலை 10.40-க்கு ஜே.எஸ். என்று ஒருவர், புது யூனிட்டுக்கு ஆள் எடுக்கிறோம் என்று அனுமதி கேட்டிருக்கிறார். மதியம் 2.40-க்கு அது வேலுவுக்குப் போயிருக்கிறது. 2.41-க்குக் கொடுத்திருக்கிறான்.

"வேலு, வியாழக்கெழம என் பேஜ யாருக்காவது தொறந்து வுட்டியா?"

"ஆமாக்கா. ராணிப்பேட்டைல புது யூனிட்டாம். இன்னா, கூப்ட்டாங்களா? ஸ்வீட் எப்போ?"

"இவனுக்கு ஸ்வீட் குடுத்தா ஸ்டீரிங்க வுட்ருவான்க்கா, இறங்கினப்புறம் குடு" என்றாள் பின்சீட்டில் இருந்த பாக்யலட்சுமி. வேனே சிரித்தது.

மெர்சி பதிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் எடுக்கிறவர் வேலையைப் பார்ப்பார். இந்த ஜே.எஸ். அனுபவத்தைத் திறக்கவில்லை, தில்ஷாத் எழுதிய எதையும் திறக்கவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை 7.10-க்கு ஒரு தடவை. சனிக்கிழமை காலை 7.10-க்கு ஒரு தடவை. அவள் தொட்டியடியில் தனியாக நின்றுகொண்டிருந்த நேரம்.

அன்று தன் ஸ்டாப்பில் அவள் இறங்கவில்லை. வேனைச் சந்துக்குள்ளேயே விடச் சொல்லி, வீட்டு வாசலில் இறங்கி, நிஷாவை அழைத்துக்கொண்டு அதே வேனில் திரும்பி ஆம்பூரில் தில்ஷாத் வீட்டுக்குப் போனாள். வழியில் வேலுவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.  தில்ஷாத் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, "நல்லதுக்குத்தான்க்கா எழுதினேன்" என்றான். இரண்டு தடவை சொன்னான்.

"அந்தப் பேஜ மூடு. இப்பவே மூடு" என்றாள் தில்ஷாத்.

"மூடினா நான்தான்னு ஊர்ஜிதம் ஆயிடும்க்கா. ஸ்டாப் ஏற்கெனவே அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. மூடி இன்னா ஆவப்போவுது?"

"அது அவன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்? வேற யாராவது பைத்தியமா இருந்தா?"

மெர்சிக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. போலீசுக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஜான்சன் அவசரக்காரன் அல்ல. முதலில் நேரத்தைக் கணிப்பான், பிறகுதான் வருவான். கணித்துக்கொண்டிருக்கிறான் என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து, வேலுவைக் கூப்பிட்டு, அவன் சிபாரிசுக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'திங்கள்லேர்ந்து ஸ்டாப் மாத்திட்டாங்க. ரைஸ்மில் வாசல், 7.20. அங்கயும் அக்கா கரெக்டா நிப்பாங்க.' அந்த வரியை 'அனுமதி பெற்றவர்' என்று வைத்தாள்; அப்படி அனுமதி பெற்றிருந்தது ஜே.எஸ். மட்டும்தான்.

ரைஸ்மில் மூடிப் பல வருஷம். ஆம்பூர் ரோட்டில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பத்து நிமிஷ தூரம். அங்கே யாரும் ஏறுவதில்லை. திங்கட்கிழமை அந்த நேரத்துக்கு அங்கே ஒரு ஆள் நின்றால், அந்த ஒரு வரியைப் படித்தவன்தான் அவன். வேன் நிற்காமல் கடந்து போக வேண்டும். ஜன்னலோரம் பாக்யலட்சுமி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும்.

"அப்பாவாம்மா?" என்று நிஷா கேட்டாள்.

"தெரியல. ரெண்டு நாளு ஸ்கூலுக்குப் போவ வேணாம். தில்ஷாத் பெரியம்மா பொண்ணுங்ககூட இரு."

"எத்தன மணிக்கு வருவ?"

"ஆறு" என்றாள் மெர்சி. உடனே, "ஆறுக்கு மேல ஆனாலும் ஆவும். ஆனா ஒண்ணும் இல்ல, சரியா?" என்றாள். தில்ஷாத் வீட்டிலும் அம்மாவும் பெண்ணும் நேரத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு இரவு மெர்சி மட்டும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். தான் அந்த வேனில் வழக்கம்போல ஏறாவிட்டால் அவன் மற்ற பெண்களை மடக்கிக் கேட்பான் என்று பட்டது. திங்கட்கிழமை காலை வேலு வேனைச் சந்துக்குள் கொண்டுவந்தான். சந்து குறுகல், நடுவில் ஒரு மாட்டுவண்டி. பின்னுக்கு எடுத்து, திருப்பி, மறுபடி ரோட்டுக்கு வர நேரமாயிற்று. மெர்சி சீட்டில் உட்காரவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவே கீழே, டிபன் பைகளுக்கு மத்தியில் உட்கார்ந்துகொண்டாள்.  வேனில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"யக்கா, மில் வருது" என்றான் வேலு. கொஞ்சம் கழித்து, "ஆள் நிக்கிறாரு."

"எப்டி இருக்காரு?"

"உயரம். வெள்ளச் சட்ட. கையில ஒரு ஷூ டப்பா. சின்னப் பசங்க ஷூ டப்பா."

"வாட்ச் எந்தக் கை?"

"வலது." வேலுவின் குரல் தாழ்ந்தது. "உள்பக்கமா கட்டிருக்காரு."

மெர்சி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். வேன் கடந்து போவது தரையில் அதிர்ந்தது. குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்த டப்பாவில் இருப்பது எட்டு வயது அளவாகத்தான் இருக்கும் என்று, காரணமில்லாமல், அவளுக்குத் தோன்றியது.

பாக்யலட்சுமி எடுத்த படத்தை எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை இருந்தது, டப்பா இருந்தது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன். அவனும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நம்மள எதுக்கு எடுக்கறான்?" என்றாள் பாக்யலட்சுமி.

வேலு திடீரென்று பிரேக்கில் கால் வைத்தான். முன்கண்ணாடிக்குள் அவன் தலைக்கு மேலே மஞ்சள் போர்டு இருந்தது. கம்பெனி பெயர், ஷிப்ட், ரூட் நம்பர். ஆப்பில் எழுதக் கூடாது என்று மேனேஜ்மென்ட் தடுத்த பெயர். அறுநூறு ஜோடியில் ஒரு தையல் குதித்தாலும் பிடிக்கிறவள், அந்தப் போர்டை யோசிக்கவே இல்லை.

கேட்டில் இறங்கியதும் மெர்சி செக்யூரிட்டியிடம் போய், யாராவது தன்னைக் கேட்டு வந்தால் இங்கே அப்படி யாரும் இல்லை என்று சொல்லச் சொன்னாள். போனைப் பெட்டியில் வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. அன்று அவள் கையைத் தாண்டியது முந்நூறு ஜோடிகூட இல்லை. இரண்டு தடவை சூப்பர்வைசர் வந்து நின்றுவிட்டுப் போனார். வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாமே ஒரே நிறமாகத் தெரிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. ஒரு சிபாரிசு அனுமதிக்காகக் காத்திருந்தது. நம்பிக்கை ஆளுக்குப் போகவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையே வேலுவின் பெயரை எடுத்துவிட்டிருந்தாள். எழுதியவர் ஜே.எஸ்.

'மெர்சி நேரம் தவற மாட்டாள். பதினோரு வருஷம் கூட இருந்து பழக்கியவன் நான், அவள் புருஷன். இன்று காலை ரைஸ்மில் வாசலில் 7.20க்கு நின்றேன். வேன் 7.26க்கு வந்தது. நிற்கவில்லை. ஆறு நிமிஷம்.'

தில்ஷாத் அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். "யா அல்லா" என்றாள். "அழிச்சிடு மெர்சி."

மெர்சி அழிக்கவில்லை. தொட்டியிலிருந்து மில்லுக்குப் பத்து நிமிஷம் என்று அவன் ஏற்கெனவே அளந்திருக்கிறான். கூடுதல் ஆறு நிமிஷம் எந்தச் சந்துக்குள் போனது என்று இனி தேடுவான். தேடிவிட்டுத்தான் வருவான். ஆனால் நேரக் கணக்கைச் சொல்லிக் காட்டாமல் அவனால் இருக்க முடியவில்லை. நாலு வருஷமாக அவளிடம் இல்லாத சாட்சியை அவனே தேதி, இடம், நேரத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறான். தன்னைப் புருஷன் என்றும் எழுதியிருக்கிறான். அழித்தால் அதுவும் போய்விடும். அனுமதிக்காமல் விட்டால், எழுதியவனே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அனுமதித்த சிபாரிசைப் பக்கத்துக்காரர் மட்டும்தான் எடுக்க முடியும்.

அவள் அனுமதித்தாள். யார் பார்க்கலாம் என்று ஆப் கேட்டது. பக்கம் ஆரம்பித்த நாளிலிருந்து தொடாத இடத்தைத் தொட்டாள்: எல்லாரும்.

'இந்த வரியை உங்கள் பக்கத்துக்கு வரும் எவரும் படிப்பார்கள். சம்மதமா?'

"பைத்தியமா நீ? ஊரே படிக்கும்!" என்றாள் தில்ஷாத்.

"படிக்கட்டும்க்கா. எத்தினி பேரு படிக்கறாங்களோ, அத்தினி சாட்சி."

வேனில் ஏறியதும் வேலு திரும்பிப் பார்த்தான். "எங்கக்கா?"

"மகளிர் ஸ்டேஷனுக்கு. போர்ட எடுத்துட்டு போ."

இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் அவளோடு உள்ளே போனார்கள். மற்றவர்களுக்கு வீட்டில் தேடுவார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கோர்ட் உத்தரவை வாங்கிப் பார்த்தார். பாக்யலட்சுமியின் படத்தைப் பெரிதாக்கி, வலக்கை வாட்ச்சில் நிறுத்தினார்.

"அவரே எழுதினாரா இத?"

"அவரேதாம்மா."

"யாராவது இப்டி எழுதிக் குடுப்பாங்களா?"

"லேட்டானா சொல்லாம இருக்க மாட்டாரும்மா."

புகார் பதிவானது. ஜே.எஸ். என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் போன் நம்பர் யாருடையது என்று பார்ப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ஏழரை மணிக்கு ராணிப்பேட்டையிலிருந்து பதில் வந்தது: வீடு பூட்டியிருக்கிறது, வியாழக்கிழமையிலிருந்து ஆள் வேலைக்கு வரவில்லை.

"அவருக்குக் குடுத்த அனுமதிய எடுக்காத. பாக்கற வரைக்கும் எங்கயோ இருக்காருன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் நேரத்த எழுதி வை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று மெர்சி தில்ஷாத் வீட்டில் தங்கினாள். வாசலுக்கு எதிரே ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அந்த வரியை நானூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருந்தார்கள். பேரணாம்பட்டிலிருந்து, வாணியம்பாடியிலிருந்து, ராணிப்பேட்டையிலிருந்து, தகரப் பெட்டியில் போனை வைக்கப் போகிற பெண்கள். சிலர் கீழே தங்கள் நம்பரை விட்டிருந்தார்கள். ராணிப்பேட்டையில் ஒருத்தி, 'இந்த ஆளை எனக்குத் தெரியும், கூப்பிடுங்க' என்று எழுதியிருந்தாள். அதை மெர்சி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள்.

ஏழு மணிக்கு அவள் நிஷாவின் பள்ளி நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். தில்ஷாத் டீ கொண்டுவந்து வைத்தாள். பதிவில் புதுப் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

7.10. ஜே.எஸ். இல்லை.

7.12. இல்லை.

"பயந்துட்டான்" என்றாள் தில்ஷாத். "ஊர் பூரா படிச்சா எவன் வருவான்? டீய குடி, ஆறுது."

மெர்சி டம்ளரை எடுத்தாள். 7.15-க்கு வெளியே ஒரு பைக் போனது, யாருமில்லை, பால்காரர். நிஷா உள்ளறையில் தில்ஷாத்தின் பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதிவில் ஒரு வரி ஏறியது. பார்த்தவர்: ஜே.எஸ். பார்த்தது: தண்ணித்தொட்டி ஸ்டாப். நேரம்: 7.16.

மெர்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரத்தை நோட்டில் எழுதினாள். பக்கத்தில், ஆறு நிமிஷம், நேற்று சந்துக்குள் போன அதே ஆறு நிமிஷம் என்று எழுதினாள். பிறகு இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போய் வாசல் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள்.